பொய் வேவு எச்சரிக்கை

பொய் வேவு எச்சரிக்கை என்பது, தீங்கற்ற ஒரு மென்பொருளின் கோப்பை ஆன்டிவைரஸ் மென்பொருள் ‘ஸ்பைவேர்’ எனப்படும் வேவுநிரல் என்று கருதி எச்சரிப்பதைக் குறிக்கும். பல வேளைகளில் பயனரைக் கேட்காமலேயே அந்தக் கோப்பு முடக்கப்பட்டும் விடும். புள்ளியியலில் ‘தவறான நேர்மறை’ எனப்படுவதன் ஒரு வகை இது. எந்த மென்பொருளுக்கும் இது நேரலாம். ஆனால் தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் இதில் சிக்குவதற்கு அவை இயங்கும் முறையே ஒரு காரணமாக அமைகிறது. குறைந்த எண்ணிக்கையிலானோர் பயன்படுத்தும் மொழிக்காக எழுதப்படுவது மற்றொரு காரணம்.

பாதிப்பு

தமிழ்நாட்டின் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் திங்கட்கிழமை தோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடைபெறுகிறது. பெரம்பலூர், அரியலூர் போன்ற சிறிய மாவட்டத் தலைநகரங்களில் அன்று கிராமங்களிலிருந்து வருவோர் பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, நில அளவை, சுரங்கம் சார்ந்த நிலப் பிரச்சினை முதலியவற்றுக்கு மனு எழுத டி.டி.பி. கடைகளையும் கணினி மையங்களையும் நாடுகின்றனர். இத்தகைய கடைகளில் பெரும்பாலும் ஒன்றிரண்டு கணினிகளே இருக்கும். இரவில் தானாகப் புதுப்பித்துக்கொண்ட ஆன்டிவைரஸ், தமிழ்த் தட்டச்சு மென்பொருளின் கோப்பை முடக்கிவிட்டால், காலையில் விசையைத் தட்டும்போது தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளே வரும். மனு கொடுக்க வந்தவருக்கு அன்றைய பேருந்துச் செலவு வீணாகும்.

மறுபுறம், இந்த எச்சரிக்கையைப் புறக்கணிப்பதும் எளிதன்று. மனு தட்டச்சாகும் அதே கணினியில்தான் ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், சாதிச் சான்று ஆகியவை வருடப்படுகின்றன. பிறருடைய கடவுச்சொற்களும் உள்ளிடப்படுகின்றன. உண்மையான வேவுநிரல் ஒன்று அங்கே புகுந்தால் இழப்பு கடைக்காரருடையது மட்டுமன்று. ஆகவே எச்சரிக்கை பொய்யா மெய்யா என்று பிரித்தறிவது இங்கே நடைமுறைத் தேவையாகிறது.

தட்டச்சு மென்பொருள் வேவுநிரல்போல் தோன்றுவது ஏன்

எ-கலப்பை, அழகி, என்.எச்.எம். ரைட்டர் போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் வேர்டு, உலாவி, நோட்பேடு என எந்தச் செயலியில் எழுதினாலும் தமிழ் வரச் செய்பவை. அதற்கு அவை விசைப்பலகைக்கும் செயலிக்கும் நடுவே அமர வேண்டும். விண்டோஸ் இயங்குதளம் இதற்காகவே ‘ஹூக்’ (கொக்கி) எனப்படும் வசதியைத் தருகிறது. ஒரு நிரல் கொக்கியை மாட்டிவிட்டால், எந்தச் சாளரத்தில் எந்த விசை அழுத்தப்பட்டாலும் அச்செய்தி முதலில் அந்த நிரலுக்கு வரும். நிரல் அதை அப்படியே கடத்தலாம், தடுக்கலாம், அல்லது அதற்குப் பதிலாக வேறு எழுத்தை அனுப்பலாம்.

தமிழுக்கு இது மட்டும் போதாது. முன்பு அழுத்திய விசைகளையும் நினைவில் வைக்க வேண்டும். 1999ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு விசைகளை அழுத்தினால் போதும். ஆங்கில விசைப்பலகையில் இவை முறையே ஏ, கே, கே, கியூ ஆகிய எழுத்துகள் உள்ள இடங்கள். இரண்டாவது ‘ம’ வந்ததும், முந்தையதும் ‘ம’ தான் என்று நிரல் அறிந்து முதலாவதன் மேல் தானாகப் புள்ளி வைக்கிறது. பிறகு ‘ஆ’ வரும்போது அதைத் தனி உயிரெழுத்தாக இடாமல் முந்தைய மெய்யோடு சேர்த்து ‘மா’ ஆக்குகிறது. கடைசியாக அழுத்தப்பட்ட விசைகளைச் சேமிக்காமல் இதைச் செய்ய இயலாது. ‘அம்மா’ என்று ஒலிப்பு முறையில் ஆங்கில எழுத்துகளால் தட்டுவோருக்கும் இதே கதைதான். ஒவ்வொரு புதிய எழுத்தும் முந்தையதன் பொருளை மாற்றிக்கொண்டே வரும்.

கடவுச்சொல் திருடும் ‘கீலாகர்’ செய்வதும் தொடக்கத்தில் இதையே. அதுவும் கணினி தொடங்கும்போதே தானாக இயங்கத் தொடங்குகிறது. பெரிய சாளரம் எதையும் காட்டாமல் பின்னணியில் இருக்கிறது. எல்லாச் செயலிகளிலும் எல்லா விசைகளையும் பார்க்கிறது. அண்மை விசைகளைச் சேமிக்கிறது. வேறுபாடு அதற்கு அடுத்த கட்டத்தில்தான் வருகிறது. கீலாகர் சேமித்ததைக் கோப்பில் எழுதுகிறது, இணையம் வழியே வேறிடத்துக்கு அனுப்புகிறது. தட்டச்சு மென்பொருள் எழுத்தை உருவாக்கியதும் அதை மறந்துவிடுகிறது. வெளியிலிருந்து பார்க்கும் வருடிக்கு முதல் கட்டம் தெளிவாகத் தெரியும். இரண்டாம் கட்டம் நடக்கவில்லை என்பதை உறுதி செய்வது கடினம். ஒருவர் கத்தி வைத்திருப்பது தெரிகிறது, அவர் காய் நறுக்கப் போகிறாரா என்பது தெரியவில்லை என்பது போன்ற நிலை இது.

வருடிகள் முடிவெடுக்கும் முறை

பழைய முறை அடையாளத் துணுக்கை ஒப்பிடுவதாகும். அறியப்பட்ட தீநிரல் ஒன்றிலிருந்து எடுத்த பைட் வரிசை, சோதிக்கும் கோப்பில் இருக்கிறதா என்று வருடி பார்க்கும். துணுக்கைத் தேர்ந்தெடுத்தவர் கவனக்குறைவாகப் பலரும் பயன்படுத்தும் பொதுவான நிரல் பகுதியிலிருந்து எடுத்துவிட்டால், அந்தப் பகுதியைக் கொண்ட எல்லா நல்ல மென்பொருள்களும் மாட்டிக்கொள்ளும். ஆட்டோஹாட்கீ போன்ற எழுதுநிரல் கருவிகளால் உருவாகும் கோப்புகள் அடிக்கடி சிக்குவது இதனால்தான். அக்கருவியில் செய்த ஒவ்வொரு கோப்பிலும் ஒரே பொருள்பெயர்ப்பி உள்ளே இருக்கும். அதைத் தீயவர்களும் பயன்படுத்துகின்றனர். யு.பி.எக்ஸ். போன்ற கோப்புச் சுருக்கிகளுக்கும் இதே அவப்பெயர் உண்டு.

இரண்டாவது முறை ‘ஹியூரிஸ்டிக்’ எனப்படும் ஊகமுறை. கோப்பின் செயல்களுக்கு மதிப்பெண் இட்டு, எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கும். விசைக்கொக்கி, தானியங்கித் தொடக்கம், மறைந்திருத்தல் ஆகிய மூன்றுமே மதிப்பெண் ஏற்றுபவை. எந்த வேவுநிரல் என்று பெயர் சொல்ல முடியாததால் இம்முறையில் வரும் எச்சரிக்கைகள் ‘ஜெனரிக்’, ‘சஸ்பிஷஸ்’ போன்ற பொதுப்பெயர்களோடு வரும்.

மூன்றாவது முறை கோப்பின் நற்பெயரைப் பார்ப்பது. இந்தக் கோப்பு உலகில் எத்தனைக் கணினிகளில் உள்ளது, எவ்வளவு காலமாக உள்ளது, யாருடைய மின்கையொப்பம் இடப்பட்டுள்ளது என்பவை கணக்கில் கொள்ளப்படுகின்றன. கோடிக்கணக்கானோர் நிறுவிய உலாவிக்கு இது பாதுகாப்பு. தன்னார்வலர் ஒருவர் எழுதி, சில ஆயிரம் பேர் மட்டுமே பதிவிறக்கிய தமிழ் எழுத்துரு மாற்றிக்கு இது தண்டனை. மின்கையொப்பச் சான்றிதழுக்குத் தொடர்ந்து கட்டணம் செலுத்த வேண்டியிருப்பதால், இலவசமாக மென்பொருள் வழங்குவோர் பலர் அதை வாங்குவதில்லை. புதிய பதிப்பு வெளியாகும் ஒவ்வொரு முறையும் கையொப்பமற்ற கோப்பின் நற்பெயர் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. அரிதாக இருப்பதே ஐயத்துக்குக் காரணமாவது சிறிய மொழிச் சமூகங்களுக்குப் பாதகமான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

இதில் ஒரு கணக்கும் உண்டு. ஒரு கணினியில் 3 லட்சம் கோப்புகள் இருப்பதாகக் கொள்வோம். வருடி 1 லட்சம் நல்ல கோப்புகளில் ஒன்றை மட்டுமே தவறாகக் கருதும் அளவுக்குத் துல்லியமானது எனினும் அக்கணினியில் 3 பொய் எச்சரிக்கைகள் வரும். அதே கணினியில் உண்மையான தீநிரல் ஒன்றுமே இல்லாதிருக்கலாம். அப்போது வந்த எச்சரிக்கைகள் அனைத்தும் பொய்யாகிவிடும்.

நிகழ்ந்தவை

பெரிய நிறுவனங்களின் கோப்புகளும் இதிலிருந்து தப்பவில்லை. 2006 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட்டின் வேவுநிரல் எதிர்ப்பு மென்பொருள், சைமன்டெக்கின் ஆன்டிவைரஸையே ‘பான்கோஸ்’ என்னும் கடவுச்சொல் திருடியாக அறிவித்தது. 2011 செப்டம்பர் 30 அன்று மைக்ரோசாஃப்ட்டின் ஆன்டிவைரஸ், கூகுள் குரோம் உலாவியை ‘இசட்பாட்’ என்னும் வங்கித் திருட்டு நிரலாகக் கருதியது. சுமார் 3,000 பேர் பாதிக்கப்பட்டதாக நிறுவனம் தெரிவித்தது. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட 5958 எண்ணுள்ள புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பான எஸ்.வி.சி.ஹோஸ்டைத் தீநிரலாகக் கொண்டு முடக்க, கணினிகள் மீண்டும் மீண்டும் அணைந்து எழுந்தன. ஆஸ்திரேலியாவின் கோல்ஸ் பேரங்காடிகளில் சில மூடப்பட்டன. 2012 செப்டம்பர் 19 அன்று சோஃபோஸ் தன் சொந்தப் புதுப்பிப்பு நிரலையே பிடித்தது. பிழையைத் திருத்தும் புதுப்பிப்பை வாங்க வேண்டிய நிரலே அதுதான் என்பதால் பல கணினிகளில் கையால் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

தமிழ்ப் பயனரின் நோக்கில் வேறு இரண்டு நிகழ்வுகள் கூடுதல் பொருளுடையவை. 2007 மே 18 அன்று சைமன்டெக்கின் புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் சீன மொழிப் பதிப்பில் மட்டும் இரண்டு இயங்குதளக் கோப்புகளைத் தீநிரல் என்று முடக்கியது. அக்கணினிகள் மீண்டும் தொடங்க மறுத்தன. 2008 நவம்பரில் ஏ.வி.ஜி. இதே போன்ற தவற்றை டச்சு, பிரெஞ்சு, இத்தாலி, போர்ச்சுகீசு, ஸ்பானிய மொழிப் பதிப்புகளில் செய்தது. புதுப்பிப்பை வெளியிடும் முன் நிறுவனங்கள் அதை நல்ல கோப்புகளின் பெருந்தொகுப்பு ஒன்றின் மீது ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அத்தொகுப்பில் எந்தக் கோப்பு இல்லையோ அதுவே அகப்படுகிறது.

எச்சரிக்கை வந்தால்

முடக்கப்பட்ட கோப்பு பொதுவாக அழிக்கப்படுவதில்லை. ‘குவாரன்டைன்’ எனப்படும் தனியறையில் வைக்கப்படும். அங்கிருந்து திரும்பப் பெற முடியும் என்பதால் அவசரப்பட்டு ‘டெலிட்’ அழுத்துவதைத் தவிர்க்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது கோப்பு எங்கிருந்து வந்தது என்பதையே. உருவாக்கியவரின் தளத்திலிருந்து மீண்டும் பதிவிறக்கி ஒப்பிடலாம். அங்கே எஸ்.எச்.ஏ.-256 சரிபார்ப்பு எண் தரப்பட்டிருந்தால் இரண்டும் ஒன்றா என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும்.

அடுத்து, வைரஸ்டோட்டல் என்னும் இலவசச் சேவையில் கோப்பைச் சோதிக்கலாம். ஸ்பெயினின் ஹிஸ்பாசெக் நிறுவனம் 2004இல் தொடங்கி, 2012இல் கூகுள் வாங்கிய இச்சேவை, ஒரு கோப்பை ஏறத்தாழ 70 ஆன்டிவைரஸ் இயந்திரங்களிடம் காட்டுகிறது. இரண்டு மூன்று மட்டும் பொதுப்பெயரால் எச்சரித்தால் பொய்யாக இருக்க வாய்ப்பு அதிகம். பாதிக்கு மேல் ஒரே தீநிரல் குடும்பத்தின் பெயரைச் சொன்னால் நம்பத்தான் வேண்டும். இதிலும் ஒரு விலக்கு உண்டு. நேற்றுப் பிறந்த தீநிரலையும் முதலில் இரண்டு மூன்று இயந்திரங்களே கண்டுபிடிக்கும். ஆகவே எண்ணிக்கையோடு கோப்பின் வயதையும் பார்க்க வேண்டும். பல மாதங்களாக மாறாமல் இருக்கும் கோப்பை இன்று திடீரென ஒன்று மட்டும் பிடித்தால் தவறு பெரும்பாலும் புதுப்பிப்பில்தான். இச்சேவையில் ஏற்றப்படும் கோப்புகள் பாதுகாப்பு நிறுவனங்களுடன் பகிரப்படுகின்றன என்பதால், மனுக்களையும் அடையாள ஆவணங்களையும் அதில் ஏற்றக் கூடாது.

பொய் என்று தெளிந்தால் அந்த ஒரு கோப்புக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம். முழு வட்டுக்கும் விலக்கு அளிப்பதோ ஆன்டிவைரஸையே நிறுத்தி வைப்பதோ கதவைக் கழற்றி வைப்பதற்கு ஒப்பாகும். மைக்ரோசாஃப்ட், சென்னையைச் சேர்ந்த கே7 கம்ப்யூட்டிங், புனேயின் குவிக்ஹீல் உள்ளிட்ட நிறுவனங்களிடம் ஐயத்துக்குரிய கோப்பை அனுப்பி மறு ஆய்வு கோரலாம். இதை மென்பொருளை உருவாக்கியவர் மட்டுமன்றிப் பயனரும் செய்யலாம். ஒருவர் அனுப்பித் திருத்தம் வந்தால் அதே மென்பொருளைப் பயன்படுத்தும் அனைவருக்கும் அது சேரும்.

‘பொய் எச்சரிக்கைதான்’ என்னும் பொய்

இச்சொற்றொடரைத் தீநிரல் பரப்புவோரும் நன்கு அறிவர். உரிமம் உடைக்கப்பட்ட போட்டோஷாப், பேஜ்மேக்கர் முதலியவற்றை வழங்கும் தளங்கள், நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடுமாறும் வரும் எச்சரிக்கை பொய்யென்றும் அறிவுறுத்துவது வழக்கம். அச்சுத் தொழில் சார்ந்த கடைகளில் இத்தகைய பிரதிகள் பென்டிரைவ் வழியே கைமாறுகின்றன. அவற்றோடு சேர்த்துத் தரப்படும் தமிழ் எழுத்துருத் தொகுப்புகளும் தட்டச்சு நிரல்களும் உருவாக்கியவரிடமிருந்து நேரே வந்தவை அல்ல. வழியில் யார் எதைச் சேர்த்தார் என்று சொல்ல முடியாது. தட்டச்சு மென்பொருளின் நல்ல பிரதி பொய் எச்சரிக்கை எழுப்பக்கூடியது என்பதே, அதன் கெட்ட பிரதிக்கு மறைவிடமாகிறது.

இயங்குதளத்தின் சொந்தத் தமிழ் விசைப்பலகை

2019 மே மாத விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து தமிழ்99 விசைப்பலகை இயங்குதளத்தோடு வருகிறது. இது இயங்குதளத்தின் உள்ளீட்டுச் சேவையாகவே அமைந்திருப்பதால் வெளியிலிருந்து நிரல் எதையும் நிறுவ வேண்டியதில்லை. வேவு எச்சரிக்கையும் எழுவதில்லை. ஒருங்குறியில் மனு எழுத இது போதுமானது. தமிழ்நாடு அரசும் 2010இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. எனினும் பாமினி, வானவில் போன்ற பழைய குறியாக்கங்களில் இந்த விசைப்பலகையால் எழுத முடியாது. திருமண அழைப்பிதழும் சுவரொட்டியும் பழைய பேஜ்மேக்கரில் அடிக்கும் கடைகள் அவ்வெழுத்துருக்களையே நம்பியிருக்கின்றன. அக்கணினிகளில் விசைக்கொக்கி மாட்டும் நிரல்கள் இன்னும் தேவைப்படுகின்றன.