நிரல் எழுதும் நிரல்

வெவ்வேறு மொழிகளில் எழுதப்பட்ட இரண்டு மென்பொருள்கள் பேசிக்கொள்ள வேண்டுமானால் நடுவே ஓர் ஒப்பந்தம் வேண்டும். வெப் சர்வீஸ் உலகில் அந்த ஒப்பந்தத்தின் பெயர் டபிள்யூ.எஸ்.டி.எல். என்ன கேட்கலாம், என்ன பதில் வரும், எந்த முகவரிக்குப் போகவேண்டும் என்பதெல்லாம் அந்த எக்ஸ்.எம்.எல். கோப்பில் இருக்கும். இதன் 1.1 பதிப்பு 2001-இல் வந்தது.

அதைப் படித்துப் பார்த்து நாமே ஜாவாவில் எழுதலாம். ஆனால் ஐம்பது புலங்கள் இருந்தால் ஒரு எழுத்துப் பிழைக்காக ராத்திரி பூரா தேடணும். இந்த வேலையை இயந்திரத்திடமே ஒப்படைப்பதுதான் கோட் ஜெனரேஷன்.

2006-இல் 1.0 பதிப்பு கண்ட அப்பாச்சி ஆக்ஸிஸ்2 இதற்கு நல்ல உதாரணம். அதன் மையப்பகுதிக்கு நம் ஜாவா வகுப்புகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. வருவதும் போவதும் அதற்கு எக்ஸ்.எம்.எல். தான். ஜெனரேட்டர் மையத்துக்கு வெளியே நிற்கிறது. ஒப்பந்தத்தைப் படித்து முதலில் இடைநிலை எக்ஸ்.எம்.எல். ஒன்றைத் தயாரிக்கிறது, பிறகு எக்ஸ்.எஸ்.எல். வார்ப்புகள் அதை ஜாவா நிரலாக்குகின்றன. வார்ப்பை மாற்றினால் சி மொழியிலும் நிரல் கிடைக்கும். எக்ஸ்.எம்.எல்.லை ஜாவாப் பொருளாக்கும் பகுதியையும் ஏ.டி.பி., எக்ஸ்.எம்.எல். பீன்ஸ், ஜிப்எக்ஸ் என்று விருப்பம்போல் தேர்ந்தெடுக்கலாம்.

கேட்பவர் பக்கம் 'ஸ்டப்', சேவை தருபவர் பக்கம் 'ஸ்கெலட்டன்' உருவாகும். ஸ்கெலட்டனையும் மையத்தையும் இணைப்பது 'மெசேஜ் ரிசீவர்' என்ற சிறு வகுப்பு. அதுவும் தானாகவே உருவாவதுதான்.

இதில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டப் கோப்பிலேயே, தொகையைச் சரிபார்க்கும் நான்கு வரிகளைக் கையால் சேர்த்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து ஒப்பந்தத்தில் புதுப் புலம் ஒன்று வந்தது. சக ஊழியர் கருவியை மறுபடி ஓட்டினார். என் நான்கு வரிகளும் போயே போச்சு. கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு நாள் தப்பான தொகைகள் போனபின், கணக்குப் பிரிவு அம்மா ஒருவர்தான் கண்டுபிடித்தார்.

அன்று கற்ற பாடம் இதுதான்: உருவான நிரலைத் தொடக்கூடாது. நம் சரிபார்ப்பைத் தனி வகுப்பில் வைத்து அங்கிருந்து ஸ்டப்பை அழைக்கவேண்டும். பத்திரப்படுத்த வேண்டியது ஒப்பந்தக் கோப்பை. ஸ்டப் ஒவ்வொரு பில்டிலும் புதிதாகப் பிறக்கட்டும்.

இன்று ஓபன் ஏ.பி.ஐ., 2015-இல் வந்த ஜி.ஆர்.பி.சி. என்று பெயர்கள் மாறிவிட்டன. ஒப்பந்தத்திலிருந்து நிரல் பிறக்கும் முறை மாறவில்லை. கைவைத்தால் வரும் வம்பும் மாறவில்லை.