முதுகு விறைக்குதா? எடையைப் பாருங்க!

"கேத்திக் குளிருதான் முதுகைப் பிடிச்சுக்குது டாக்டர்!" என்று கம்பளிக்குள் சுருண்டு படுக்கிறீர்களா? குளிர் வலியைக் கூட்டலாம். ஆனால், மூலகாரணம் அதுவல்ல.

45 வயதுக்குள் தொடங்கி 3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் முதுகு வலி, காலையில் அரை மணிக்கும் மேலாக விறைப்பு, படுத்தால் கூடி நடந்தால் குறைவது... இவை இருந்தால் சாதாரணப் பிடிப்பு என்று விடாதீர்கள். 'ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்' என்கிற முதுகெலும்பு அழற்சி வாதமாக இருக்கலாம். மூட்டுவாத நிபுணரிடம் காட்டுங்கள்.

இதற்கும் எடைக்கும் என்ன சம்பந்தம்? முதுகுக்குப் பாரம் என்பது மட்டுமல்ல. வயிற்றுக் கொழுப்பு சும்மா இருப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்து ரத்தத்தில் கலக்கிறது. அதனால் பருமனானவர்களுக்கு நோயின் வேகம் அதிகம். அழற்சியை அடக்கப் போடும் டி.என்.எஃப். தடுப்பு ஊசிகூட அவர்களுக்குக் குறைவாகவே பலன் தருகிறது.

வலிக்குதேன்னு படுத்தால் எடை ஏறும். எடை ஏறினால் வலியும் ஏறும்!

குளிருக்கு இதமாக 4 டீ, ஒவ்வொன்றிலும் 2 ஸ்பூன் சர்க்கரை என்றால் நாளைக்கு 8 ஸ்பூன். கூடவே மைதாவும் கொழுப்பும் சேர்ந்த வர்க்கி! முதலில் இவற்றில் கை வையுங்கள். நம் பள்ளத்தாக்கில் விளையும் கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் தட்டில் பாதியை நிரப்பட்டும். பட்டினி வேண்டாம். காலையில் வெந்நீர்க் குளியல், முதுகை நீட்டும் பயிற்சி, பிறகு நடை.

நானும் தைலம் கொடுப்பவன்தான். ஆனால் தைலம் தடவிப் படுத்துக் கிடந்தால் கொழுப்பு கரையாது. நிபுணர் தந்த மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். கண் சிவந்து வலித்தால் அன்றே கண் மருத்துவரிடம் ஓடுங்கள்!