ஆனைகட்டி எல்லையில் ஒரு கேள்வி: அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது?

(நமது பகுதி நேர நிருபர்)

கோவையிலிருந்து தடாகம், மாங்கரை வழியாக மலையேறினால் ஆனைகட்டி. அங்கே ஒரு பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் கோவை மாவட்டம். அந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி, ஷோலையூர் பஞ்சாயத்து. கீழே ஓடுவது கொடுங்கரைப் பள்ளம். இரு கரைக்கும் பெயர் ஒன்றுதான். இரு கரையிலும் இருளர் ஊர்கள் இருக்கின்றன. பெண் கொடுப்பதும் எடுப்பதும் பாலத்தைப் பார்த்து நடப்பதில்லை. 1956 நவம்பர் 1-க்கு முன் இரண்டு கரையும் சென்னை ராஜ்யத்தில்தான் இருந்தன. ஒன்று கோவை ஜில்லா, மற்றது மலபார் ஜில்லா.

ஆனால் சர்க்கார் பாரம் ஒன்றைக் கையில் கொடுத்து, ‘உன் தாய்மொழி என்ன? உன் சாதி அல்லது பழங்குடி எது?’ என்று கேட்டுவிட்டால் பாலத்தின் இரு பக்கமும் ஒரே பதிலுக்கு இரண்டு பலன் வந்துவிடுகிறது. இது மலைவாழ் மக்களுக்கு மட்டுமுள்ள சங்கடம் அல்ல. பிழைப்புக்காக வாளையாறைத் தாண்டி வந்த நம்மவர்களுக்கும், மூணாறு தேயிலைத் தோட்டத்தில் நாலு தலைமுறையாகக் கொழுந்து கிள்ளுபவர்களுக்கும் இதே சங்கடம்தான்.

இப்போது இதைப் பற்றிப் பேசக் காரணம் இருக்கிறது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, கொரோனாவால் தள்ளிப் போயிற்று. 2025 ஜூன் 16-இல் மத்திய அரசு புதிய அறிவிக்கை வெளியிட்டது. அதன்படி நாட்டின் பெரும்பகுதிக்குக் கணக்கு நாள் 2027 மார்ச் 1. எல்லா சாதியையும் கணக்கெடுப்பது என்றும் முடிவாயிற்று. 1931-க்குப் பிறகு முழு சாதிக் கணக்கு எந்த மக்கள் தொகைக் கணக்கெடுப்பிலும் வெளியானதில்லை.

தாய்மொழிக் கட்டம்

தாய்மொழி என்றால் எது? வீட்டில் இப்போது பேசுவதா, பள்ளியில் படித்ததா? இரண்டும் இல்லை. குழந்தைப் பருவத்தில் உங்கள் தாயார் உங்களிடம் பேசிய மொழியே தாய்மொழி என்பது கணக்கெடுப்பு விதி. தாயார் சிறு வயதிலேயே தவறியிருந்தால், அப்போது வீட்டில் பெரும்பாலும் பேசப்பட்ட மொழி. சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். அது இன்னொரு மொழியின் கிளையா என்று கணக்கெடுப்பவர் ஆராயக் கூடாது.

ஆராய்ச்சி பிறகு, ஆபீஸில் நடக்கிறது. 2011-இல் மக்கள் வாயிலிருந்து வந்த தாய்மொழிப் பெயர்கள் 19,569. எழுத்துப் பிழை, இரட்டைப் பெயர் இவற்றைக் களைந்து 1,369 தாய்மொழிகளாக்கினார்கள். அவற்றையும் தொகுத்து, பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகள் 121 என்று அச்சிட்டார்கள்.

இந்தத் தொகுப்பில் இருள மொழி எங்கே போயிற்று? தமிழ் என்ற தலைப்பின் கீழே ஒரு வரியாகச் சேர்ந்தது. இருள மொழி தமிழுக்கு நெருங்கிய உறவுடையதாயினும் தனித் திராவிட மொழி என்று செக்கோஸ்லோவாகிய அறிஞர் கமில் சுவெலபில் 1970-களிலேயே ஆராய்ந்து நூல் எழுதினார். அட்டப்பாடியைச் சேர்ந்த நஞ்சியம்மா இருள மொழியில் பாடிய சினிமாப் பாட்டுக்கு 2022-இல் தேசிய விருது அறிவிக்கப்பட்டது. நாடு முழுவதும் அந்தப் பாட்டை ரசித்தது. ஆனால் அந்த மொழியைத் தாய்மொழி என்று 2011-இல் சொன்னவர்கள் நாடெங்கும் 12 ஆயிரத்துக்கும் குறைவு. அதே கணக்கில் இருளர் என்று பதிவானவர்கள் தமிழ்நாட்டில் சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம் பேர். கேரளத்தில் 23 ஆயிரத்துக்கு மேல்.

செங்கல்பட்டு, விழுப்புரம் சமவெளியில் வாழும் இருளர்கள் தமிழே பேசுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே வித்தியாசம் முழுவதும் தவறான பதிவு என்று கூறிவிட முடியாது. எனினும், ‘நம் பேச்சு ஒரு மொழியா என்ன, தமிழ் என்றே போடுங்கள்’, ‘மலையாளம் என்றே போடுங்கள்’ என்று கூச்சத்தோடு சொல்லுகிற பழக்கம் மலையில் மட்டும் உள்ளதா? கேரளத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளும் மலையாளத்தில் பதில் சொல்ல, கேட்பவர் மலையாளம் என்றே எழுதிக்கொண்டு போவது நடக்கக்கூடியதே.

ஒரே ஊர், இரண்டு பட்டியல்

அடுத்தது சாதி, பழங்குடிக் கட்டம். ஷெட்யூல்டு சாதிப் பட்டியல் 1950 ஆகஸ்டு 10-இலும், ஷெட்யூல்டு பழங்குடிப் பட்டியல் 1950 செப்டம்பர் 6-இலும் ஜனாதிபதி உத்தரவாக வெளிவந்தன. இரண்டும் மாநிலவாரிப் பட்டியல்கள். இருளர் இரு மாநிலப் பட்டியலிலும் உண்டு. குறும்பர் கதை வேறு. கேரளப் பட்டியலில் அவர்கள் மாநிலம் முழுமைக்கும் பழங்குடி. தமிழ்நாட்டுப் பட்டியலிலோ ‘நீலகிரி மாவட்டத்தில்’ என்ற அடைமொழி கூடவே வருகிறது. ஆனைகட்டி இருப்பது கோவை மாவட்டத்தில்! அத்துடன் குறும்பர் என்பது ஒரு வரி, குறுமன் என்பது தனி வரி. ஓர் எழுத்து மாறினால் ஆளே மாறிவிடுகிறார்.

அட்டப்பாடி முடுகர்களையும் இடுக்கி மலைகளில் வாழும் முதுவான்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதுவான்களின் இடமலைக்குடி, கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து. இரு சாராருக்கும் நடுவே எத்தனையோ மலை, எத்தனையோ காடு. பட்டியலில் இருவருக்கும் ஒரே வரி.

இன்னொரு வேடிக்கை. தமிழ்நாட்டில் அதிக எண்ணிக்கையுள்ள பழங்குடியினர் யார் தெரியுமா? ‘மலையாளி’கள்! கேரளத்துக்காரர்கள் அல்ல, கல்வராயன் மலை, கொல்லிமலை முதலிய இடங்களில் தமிழ் பேசி வாழும் மக்கள். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர். நம் பாலக்காட்டு ஆபீஸில் அந்தப் பெயரை எழுதிக் கொடுத்தால் குமாஸ்தா என்ன நினைப்பார் என்று வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இது வெறும் பெயர்ச் சண்டை அல்ல. 1951-இல் அட்டப்பாடியில் பத்தில் ஒன்பது பேர் பழங்குடியினர். 2011-இல் அவர்கள் பாதிக்கும் குறைவாகிவிட்டார்கள். பள்ளி ஹாஸ்டல், வீடு, மருத்துவமனை எல்லாவற்றுக்கும் பணம் ஒதுக்கும்போது அதிகாரிகள் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான். கணக்கில் விடுபட்டவன் பங்கிலும் விடுபடுகிறான்.

மாநிலம் தாண்டினால் சர்டிபிகேட் என்னாகும்?

நம் தொழிலாளத் தோழர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. பள்ளன், பறையன், சக்கிலியன் ஆகிய பெயர்கள் தமிழ்நாட்டுப் பட்டியலிலும் உண்டு, கேரளப் பட்டியலிலும் உண்டு. அப்படியானால் தமிழ்நாட்டு சர்டிபிகேட்டைக் காட்டி இங்கே மாநில அரசுச் சலுகை கேட்கலாமா? முடியாது. பிழைப்புக்காக இடம் மாறியவர், புதிய மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று சுப்ரீம் கோர்ட் 1990-இல் தீர்ப்பளித்தது. இரு பட்டியலிலும் ஒரே பெயர் இருந்தாலும் அதுவே உரிமை ஆகாது என்று 1994-இல் மீண்டும் கூறியது. 1950-இல் அந்த உத்தரவு வந்த நாளில் குடும்பம் எங்கே நிலையாகக் குடியிருந்தது என்பதே கேள்வி. தோட்டத்து லயத்தில் பிறந்து, லயத்திலேயே மடிந்த பாட்டனுக்குப் பட்டா ஏது, ரசீது ஏது? இடுக்கித் தோட்டத் தமிழர்களின் பிள்ளைகள் வில்லேஜ் ஆபீஸில் தவிப்பது இங்கேதான்.

ஆனால் மத்திய அரசு வேலைகளுக்கு இந்தத் தடை இல்லை. ரயில்வே, தபால் போன்ற இலாகாக்களில் சொந்த மாநிலத்து சர்டிபிகேட் செல்லும். வேறு மாநிலத்தில் வசிப்பவருக்கும், தகப்பனாரின் சர்டிபிகேட்டைப் பார்த்து, வசிக்கும் இடத்து அதிகாரியே சான்று வழங்கலாம். ஊரில் பழைய சர்டிபிகேட் டிரங்குப் பெட்டியில் கிடந்தால் பத்திரப்படுத்துங்கள்.

எண்ணிக்கையால் வரைந்த எல்லை

மொழிக் கட்டத்தில் எழுதியது மாநில எல்லையையே தீர்மானித்த காலமும் உண்டு. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் தமிழ் பேசுவோர் அதிகம் என்று 1950-களில் நேசமணி முதலிய தலைவர்கள் போராடினார்கள். மாநில மறுசீரமைப்புக் கமிஷன் 1955-இல் அறிக்கை தந்தது. அந்தத் தமிழர்களில் பலர் தோட்ட வேலைக்கு வந்தவர்கள் என்பதை ஒரு காரணமாக வைத்து அவ்விரு தாலுகாக்களையும் கேரளத்துக்கே விட்டது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவை தமிழகம் வருவதற்கும் அதே அறிக்கைதான் வழி செய்தது. எத்தனை பேர் என்று மட்டும் பார்க்கவில்லை. ‘எப்படிப்பட்டவர்கள்’ என்றும் பார்த்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

2011-இல் கேரளத்தில் தமிழைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் சுமார் 5 லட்சம். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்கு எழுதவும், அதே மொழியில் பதில் பெறவும் கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-இல் இடம் கொடுத்தது. தாய்மொழியில் ஆரம்பக் கல்வி தர மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு. இவற்றையெல்லாம் கேட்கப் போகும்போது, ‘உங்கள் ஆட்கள் எத்தனை பேர்?’ என்பதே முதல் கேள்வியாக வரும்.

கடல் கடந்தும் இதே கதை

இலங்கையில் 1911 கணக்கெடுப்பில்தான் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டு பெயர்களாகப் பிரித்து எண்ணினார்கள். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானவர்கள் அந்த இரண்டாம் பெயருக்குரியவர்கள். அவர்களின் வாரிசுகள் பலர் ‘மலையகத் தமிழர்’ என்றே தங்களைக் கணக்கில் எழுத வேண்டும் என்று கேட்கிறார்கள்.

அமெரிக்காவில் 1920 முதல் 1940 வரை நடந்த கணக்கெடுப்புகளில் ‘இந்து’ என்பது ஓர் இனத்தின் பெயர்! அங்கே போன பஞ்சாபி சீக்கியரையும் அந்தக் கட்டத்தில்தான் எழுதினார்கள். 1980-இல் ‘ஆசிய இந்தியர்’ என்ற கட்டம் வந்தது. 2000-இல், கலப்பு மணக் குடும்பங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்கலாம் என்றார்கள். கட்டங்கள் கல்வெட்டு அல்ல. கேட்பவர்கள் கேட்டால் மாறுபவை.

கேட்காமல் அவரவர் விட்டபடி எழுதினாலும் தொல்லைதான். 2011-இல் தனியாக நடந்த சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பில் 46 லட்சத்துக்கும் மேற்பட்ட சாதிப் பெயர்கள் வந்து குவிந்தன. 1931-இல் இருந்தவை 4,147. குலம், கோத்திரம், பட்டப் பெயர், எழுத்துப் பிழை எல்லாம் சாதியாகிவிட்டன. அந்தச் சாதி விவரங்கள் உபயோகத்துக்கு லாயக்கற்றவை என்று மத்திய அரசே பின்னர் சுப்ரீம் கோர்ட்டில் தெரிவித்தது.

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, கணக்கெடுப்பவர் வரும்போது வீட்டுக்காரரே பதில் சொல்லுங்கள். கங்காணியோ மேஸ்திரியோ, அடுத்த அறைக்காரரோ நமக்காகச் சொல்ல விடக் கூடாது. கட்டட வேலைத் தலங்களிலும் ஓட்டல்களிலும் கூட்டாகத் தங்கியிருப்போர் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். தாங்களே நிரப்பிக்கொள்ளும் வசதியும் அறிவிக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாவது, எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தாய்மொழி வேறு, தெரிந்த மொழி வேறு. மலையாளம் தெரியும் என்பதைத் தெரிந்த மொழிகளில் எழுதட்டும்.

மூன்றாவது, பட்டப் பெயரை விட்டு, சர்டிபிகேட்டில் உள்ள சாதிப் பெயரை எழுத்து பிசகாமல் சொல்லுங்கள்.

நான்காவது, பயம் வேண்டாம். 1948-ஆம் ஆண்டு சென்சஸ் சட்டப்படி தனி நபர் விவரம் ரகசியம். அதைச் சாட்சியமாக சிவில் கோர்ட்டில் காட்ட முடியாது. அதே காரணத்தால் அது சாதிச் சான்றும் ஆகாது. சான்றுக்குத் தனியாக மனு போட வேண்டும்.

ஆனைகட்டி இருளரிடம் ‘உன் மொழி தமிழ்தானே?’ என்று நாம் கேட்பதும், நம்மிடம் இன்னொருவர் ‘நீங்கள் இப்போது மலையாளம்தானே?’ என்று கேட்பதும் ஒரே மாதிரியான கேள்விகள். நமக்கு வேண்டிய மரியாதையை அவர்களுக்கும் கொடுப்பதே முறை. இருளர் இருள மொழி என்று சொன்னால் தமிழுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அவரவர் வாயால் அவரவர் பெயரைச் சொல்லி, அது சொன்னபடியே எழுதப்பட்டால்தான் அந்தக் கணக்கு கணக்காகும்.