மல்லும் றகரும்

மலைசூழ் கண்டி மாநகரில் வாழும் எமக்கு றகர் ஆட்டம் அயலானதன்று. 1891ஆம் ஆண்டில் லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் என்னும் ஆசிரியர் 11 மாணவருடன் இந்நகரில் ஒரு பாடசாலையை நிறுவினார். பின்னர் கிங்ஸ்வூட் கல்லூரியெனப் பெயர் பெற்ற அப்பாடசாலையே இலங்கைப் பாடசாலைகளுள் றகரை முதன்முதலாக மேற்கொண்டது. 1906இல் போகம்பரைத் திடலிலே அக்கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் பொருதிய முதலாவது பாடசாலைப் போட்டி 6-6 எனச் சமநிலையில் முடிந்தது.

அதே 1891இல் இங்கிலாந்தின் வடபாலுள்ள கம்பர்லாந்திற் பிறந்தவர் டக்ளஸ் கிளார்க். மற்போர், றகர் ஆகிய இரண்டிலும் முதல் வரிசையில் நின்ற இவரின் வாழ்வு எம் மாணவர் அறியத்தக்கது.

மற்போர் தமிழருக்குப் புதிதன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்திய திறத்தைப் புறநானூறு பேசுகின்றது. கம்பர்லாந்து மல்லோ தனி முறையினது. இருவரும் மார்போடு மார்பு பொருந்த நின்று, எதிரியின் வலத்தோளில் மோவாயை வைத்து, அவன் முதுகுப்புறத்தே கைகளைக் கோத்துக்கொள்வர். பிடியை நழுவவிட்டவரும், பாதமொழிந்த பிறவுறுப்பு நிலத்திற் பட்டவரும் தோற்றவராவர். ஆகவே வெற்றி தருவது பருமனன்று. நிலைகுலையாத காலும் தளராத பிடியுமேயாம். றகரில் முன்னணியாளனுக்கு வேண்டியனவும் இவையே.

இளமையில் நிலக்கரி மூடை சுமந்து உரமேறிய கிளார்க், 1909இல் ஹடர்ஸ்ஃபீல்ட் கழகத்திற் சேர்ந்தார். அக்கழகம் ஆடியது அணிக்கு 13 பேர் ஆடும் றகர் லீக். எமது பாடசாலைகளிற் பயில்வதோ 15 பேர் ஆடுவது. 1914-15 பருவத்தில் அக்கழகம் 4 கிண்ணங்களையும் வென்றது. 1914 யூலை 4ஆந் திகதி சிட்னியில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக ஆடுகையில் அவரது பெருவிரல் முறிந்தது. கட்டிட்டுக்கொண்டு மீண்டும் களம்புகுந்தார். தோளும் காயமுறவே வெளியேற நேர்ந்தது. ஆட்கள் குறைந்த நிலையிலும் பிரித்தானிய அணி 14-6 என வென்றது.

முதலாம் உலகப் போரிற் படைவண்டி ஓட்டிய அவர், 1917இல் பாசெண்டேலில் நச்சுப்புகையாலும் காயத்தாலும் நலிவுற்றார். வீரத்துக்காகப் பதக்கமும் பெற்றார். இனி ஆடுவாரோ என்ற ஐயத்தைப் பொய்யாக்கி, 1920இல் மீண்டும் அவுஸ்திரேலியா சென்றார். 1929 வரை ஆடினார். 1930களில், நாற்பதை எட்டிய வயதில், தொழில்முறை மல்லராய்ப் புகழ்பெற்றார். 1951இல் மறைந்தார்.

இன்று பிள்ளைகளை இளமையிலேயே ஓராட்டத்துடன் கட்டிவைக்கின்றோம். பரீட்சை நெருங்கினால் அதையும் பறித்துவிடுகின்றோம். இது நன்றன்று. ஒரு களத்திற் பெற்ற பயிற்சி மறு களத்திலும் உதவும் என்பதற்குக் கிளார்க் சான்று. பரந்த திடலில்லாத பாடசாலையும் ஒரு மணற்களத்தையும் தகுந்த ஆசிரியரையும் தேடிக்கொள்ளலாம். இவ்விழா மலரை விரிக்கும் பழைய மாணவர் இதனைச் சிந்திப்பாராக.