மடிக்கணினி திடீரென அணைவதேன்?

காரணமின்றிக் காரியம் இல்லை என்பது தருக்க நூலாரும் பௌதிக நூலாரும் ஒருங்கே ஒப்பிய உண்மையாகும். ஆயினும், ஒரு காரியத்தின் காரணம் உடனே புலப்படாவிடின், அதனை விதியென்றோ பொறியின் குறும்பென்றோ கூறி அமைந்துவிடுதல் மக்கள் இயல்பு. இக்காலத்து மாணவர் பலர் கையாளும் 'கேமிங் லேப்டாப்' எனப்படும் விளையாட்டு மடிக்கணினியைப் பற்றி வழங்கும் பேச்சிலும் இவ்வியல்பைக் காணலாம். விளையாட்டின் நடுவிலோ, கட்டுரை எழுதுங்காலத்திலோ, யாதொரு முன்னறிவிப்புமின்றி அஃது அணைந்துவிடுகின்றது. மீண்டும் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நிகழாதது போல விழித்துக்கொள்கின்றது.

இதனை வெறும் விளையாட்டுச் செய்தியென்று எண்ணிவிடலாகாது. இத்தகைய பொறிகளைப் பொறியியல் வரைபடங்களுக்கும், திரைப்படத் தொகுப்புக்கும், பெருங்கணக்குகளுக்கும் மாணவர் பயன்படுத்துகின்றனர். பெற்றோர் தவணைக் கடனில் வாங்கிக் கொடுத்தனவும் பல. காரணம் அறியாமல் ஒருவர் 'மதர்போர்டு' மாற்றுகின்றார். மற்றொருவர் பொறியையே விற்றுவிடுகின்றார். பிறிதொருவர் ஆபத்தான பேட்டரியை அறியாமலே மடிமீது வைத்துக்கொண்டிருக்கின்றார். ஆதலின், இவ்வணைவின் காரணங்களை முறையாக ஆராயும் வழியை ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

பொறியின் இயல்பு

சாதாரண மடிக்கணினி எழுத்து வேலை செய்யுங்கால் சில வாட் மின்சாரத்தையே செலவிடும். விளையாட்டு மடிக்கணினியோ, மையச் செயலி, வரைகலைச் செயலி என்னும் இரண்டும் ஒருங்கே உழைக்குங்கால், 200 வாட்டை எட்டுவதும் உண்டு. பழைய 60 வாட் இழை விளக்குகள் மூன்றினை இரண்டு விரற்கனப் பெட்டியொன்றில் அடைத்து எரிப்பதற்கு இஃது ஒப்பாகும். உட்புகுந்த மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளிப்பட வேண்டும். செப்புக் குழாய்கள் அவ்வெப்பத்தை ஓரத்திலுள்ள மெல்லிய தகடுகளுக்குக் கொண்டுசெல்ல, விசிறிகள் அதனைப் புறத்தே தள்ளுகின்றன. ஆகவே இப்பொறிக்கு வேண்டுவன இரண்டு: தடையின்றி மின்சாரம் வருதல், தடையின்றி வெப்பம் வெளியேறுதல். திடீர் அணைவுகளை ஆராய்வோர் முதலில் நோக்கற்குரியன இவ்விரண்டுமேயாம். நினைவகமும் மென்பொருளும் அவற்றின் பின்னர் வருவன.

அணைவின் வகைகள்

'அணைந்துவிட்டது' என்னும் ஒரு சொல்லால் நாம் குறிப்பன வெவ்வேறு நிகழ்ச்சிகள். நோயாளி 'உடம்பு சரியில்லை' என்ற அளவிலே மருத்துவர் மருந்தெழுதுவதில்லை. அதுபோல ஈண்டும் முதற்கண் வகையறிதல் வேண்டும்.

ஒன்று, பொறி முறைப்படி உறங்கிவிடுதல். மூடியை மூடுதலை உணர்தற்குப் பல மடிக்கணினிகளில் காந்தத்தை அறியும் சிறு கருவி அமைந்துள்ளது. காந்தப் பூட்டுள்ள கைக்கடிகார வாரையோ, காந்தம் பதித்த கைப்பேசி உறையையோ அதன் அருகே கொணரின், மூடி மூடப்பட்டதெனக் கருதிப் பொறி உறங்கும். இது பழுதன்று.

இரண்டு, பிழைச் செய்தியுடன் திரை தோன்றிப் பின் தானே மறுதொடக்கம் கொள்ளுதல். விண்டோஸில் இத்திரை நெடுங்காலம் நீலமாக இருந்தது. 2025ஆம் ஆண்டில் விண்டோஸ் 11இல் கருமையாக மாற்றப்பட்டது. இது பெரும்பாலும் மென்பொருள், இயக்கி, நினைவகம் ஆகியவற்றின் குறையைச் சுட்டும்.

மூன்று, திரை இருண்டும் விசிறி சுழன்றுகொண்டிருத்தல். இங்குப் பொறி அணையவில்லை. பெரும்பாலும் வரைகலைப் பகுதியோ அதன் இயக்கியோ செயலற்றது.

நான்கு, விளக்கை நிறுத்தினாற்போல ஒளியும் ஒலியும் விசிறியும் ஒரு நொடியில் ஒருங்கே நிற்றல். இதுவே உண்மையான திடீர் அணைவு. மின்சாரம் அறுந்தது, அல்லது காவற்கருவியொன்று பொறியைக் காக்கும்பொருட்டு அதனை அறுத்தது என்பது இதன் பொருள்.

பதிவேட்டின் சான்று

1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவில் ஹார்வர்டு மார்க் 2 என்னும் கணிப்பொறியின் பழுதினை ஆராய்ந்தோர், அதன் 'ரிலே' ஒன்றில் அந்துப்பூச்சி ஒன்று சிக்கியிருக்கக் கண்டு, அப்பூச்சியையே நாட்குறிப்பேட்டில் ஒட்டி வைத்தனர். கண்டதை உடனே பதிந்துவைக்கும் அவ்வொழுக்கம் இன்று பொறிக்குள்ளேயே அமைந்துவிட்டது. விண்டோஸில் 'ஈவென்ட் வியூவர்' என்னும் பதிவேட்டைத் திறந்து, அணைவு நேர்ந்த நேரத்துக் குறிப்புகளைக் காணலாம். 42 என்னும் எண்ணுடைய கெர்னல்-பவர் குறிப்பு பொறி உறங்கச் சென்றதையும், 1074 ஒரு பயனரோ நிரலோ முறைப்படி அணைத்ததையும், 6008 முந்தைய அணைவு எதிர்பாராததென்பதையும் குறிக்கும்.

இவற்றுள் பலரையும் மயங்கச் செய்வது, கெர்னல்-பவர் 41 என்னும் குறிப்பாகும். 'பவர்' என்னும் சொல்லைக் கண்டவுடன் மின்வழங்கியே பழுது என்று முடிவு செய்வாருளர். அது பொருந்தாது. அக்குறிப்பு பொறி மீண்டும் எழுந்தபின் எழுதப்படுவது, 'முன்னர் முறைப்படி அணையவில்லை' என்னும் அளவே அது கூறும், காரணத்தைக் கூறுவதன்று. ஆயினும், அதன் விரிவில் 'பக்செக் கோடு' என்னும் இடத்தில் சுழியம் அல்லாத எண் இருப்பின், மென்பொருள் பிழைத்திரை தோன்றியதென்று கொள்ளலாம். சுழியமாயின், பிழையைப் பதியவும் பொழுதின்றிப் பொறி நின்றது என்று உணர்க. அந்நிலையில் மின்சாரத்தையும் வெப்பத்தையும் முதலில் ஐயுறுதல் தகும்.

வெப்பம்

மையச் செயலிகள் பலவற்றுக்குத் தயாரிப்போர் விதித்த உச்ச வெப்பநிலை 100 பாகை செல்ஸியஸ் அளவினது. அதனை நெருங்கும்போது செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனையும் மீறி வெப்பம் ஏறுமாயின், இன்டெல் செயலிகள் பலவற்றில் ஏறத்தாழ 130 பாகையில், உயிர்காக்கும் இறுதிக் காவல் இயங்கி முழுப்பொறியையும் அணைத்துவிடும். ஆகவே, விளையாட்டின்போது 90 பாகை காட்டுவது ஒன்றே அணைவுக்குக் காரணம் என்று கொள்ளலாகாது. வேகங்குறைத்தும் வெப்பம் அடங்கவில்லை என்றால், விசிறி நின்றிருக்கலாம். தகடுகளிடையே தூசி கம்பளம் போலப் படிந்திருக்கலாம். செயலிக்கும் செப்புக்கும் இடையே பூசிய வெப்பக் களிம்பு உலர்ந்திருக்கலாம். செயலி தண்மையாயிருப்பினும், அதற்கு மின்சாரம் ஊட்டும் சிற்றுறுப்புகள் சுடுவதும் உண்டு.

வெப்ப அணைவுக்கு ஒரு குணமுண்டு: அது காலம் எடுத்துக்கொள்ளும். விளையாடத் தொடங்கிச் சில நிமிடங்கள் சென்றபின் அணைதல், உடனே மீண்டும் தொடங்கின் முன்னினும் விரைவில் அணைதல், அரைமணி நேரம் ஆறவிட்டால் நெடிது தாங்குதல் ஆகியன அதன் அடையாளங்கள். 'ஹெச்டபிள்யூஇன்ஃபோ' போன்ற அளவைக் கருவியை இயக்கி, வெப்பநிலையையும் விசிறியின் சுழற்சியையும் கோப்பாக எழுதச் செய்து, அணைவுக்கு முந்திய இறுதி வரியை நோக்கின் உண்மை வெளிப்படும்.

பரிகாரம் எளிது. மெத்தைமீதும் தலையணைமீதும் பொறியை வைத்தலை ஒழிக்க. பெரும்பாலான பொறிகள் அடிப்பக்கத்தினின்றே காற்றை உறிஞ்சுகின்றன. பின்புறத்தைச் சிறிது உயர்த்தி வைக்க. கோடைக்காலத்தில் அறையின் வெப்பமே 38 பாகையாயின், பொறியும் அந்த அளவுக்கு மிகுதியாகவே சுடும் என்பதை மறவற்க. தூசியை நீக்குங்கால், மின்தொடர்பைத் துண்டித்து, விசிறி சுழலாவண்ணம் பிடித்துக்கொண்டு காற்றடித்தல் வேண்டும். சில பொறிகளில் களிம்புக்கு மாறாகத் திரவ உலோகம் பூசப்பட்டிருக்கும். அது மின்சாரத்தைக் கடத்துவது. அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரிப்பது. அத்தகைய பொறியைப் பயிற்சியில்லாதார் திறவாதிருத்தலே நன்று.

மின்சாரம்

மின்குறையால் நேரும் அணைவு காலம் தாழ்த்தாது. விளையாட்டின் காட்சி மாறிச் சுமை ஏறிய அந்நொடியிலேயே, வெப்பநிலை 70 பாகையாயிருக்கும்போதும், பொறி நின்றுவிடும். இதுவே வெப்பத்தினின்று இதனைப் பிரித்தறியும் குறி.

முதலில் சார்ஜரின் அடியில் அச்சிட்ட எண்களைப் படித்தல் வேண்டும். 20 வோல்ட், 11.5 ஆம்பியர் என்றிருப்பின் பெருக்குத்தொகை 230 வாட். பொறியுடன் வந்தது 230 வாட்டாயிருக்க, நண்பரிடம் இரவல் பெற்ற 65 வாட் சார்ஜரைப் பொருத்தி விளையாடினால், எஞ்சிய சுமை பேட்டரிமேல் விழும். சரியான சார்ஜராயினும், பல பொறிகள் உச்சச் சுமையில் பேட்டரியின் துணையைச் சிறிது நாடுவனவே. அப்பேட்டரி மூப்படைந்திருப்பின், கேட்ட மின்சாரத்தைத் தரவியலாது அதன் அழுத்தம் சட்டென வீழ்ந்து, பொறி அணையும். 'சார்ஜில் போட்டுத்தானே விளையாடினேன், பேட்டரி எவ்வாறு காரணமாகும்?' என்னும் வினாவுக்கு இதுவே விடை.

வானூர்தியில் முன்னனுமதியின்றிக் கொண்டுசெல்லத்தக்க பேட்டரியின் எல்லை 100 வாட்-மணி. ஆதலின் மடிக்கணினி செய்வோர் அவ்வெல்லையைக் கடப்பதில்லை. 90 வாட்-மணிப் பேட்டரி ஒன்று 200 வாட் சுமையை அரைமணியும் தாங்காது என்பது எளிய கணக்கு. விண்டோஸ் தரும் பேட்டரி அறிக்கையில், படைக்கப்பட்ட காலத்துக் கொள்ளளவும் இன்றைய முழுக் கொள்ளளவும் அடுத்தடுத்துக் காட்டப்படும். இரண்டிற்கும் உள்ள இடைவெளியே பேட்டரியின் மூப்பாகும்.

பதினொரு ஆம்பியர் செல்லும் செருகி சிறிது தளர்ந்திருந்தாலும் அவ்விடம் சுடும். செருகுமுனை கருகியிருத்தல், கம்பியை அசைத்தால் சார்ஜ் விளக்கு மின்னுதல், சார்ஜர் தொடவொண்ணாதபடி சுடுதல் ஆகியவற்றைக் கண்டால் சார்ஜரை மாற்றுக. சுவரிலுள்ள வேறொரு மின்செருகியில் இணைத்துப் பார்த்தலும் மறக்கற்பாலதன்று.

இங்கு ஓர் எச்சரிக்கை. தொடுபலகை மேலெழும்புதல், அடித்தகடு புடைத்தல், மூடி பொருந்தாமை ஆகியன பேட்டரி வீங்கியதன் அறிகுறிகள். அப்பொழுது ஆராய்ச்சியை அந்நொடியே நிறுத்துக. சார்ஜ் ஏற்றாமலும், அழுத்தாமலும், குத்தாமலும் பொறியை அணைத்து, எளிதில் தீப்பற்றும் பொருள்களினின்று விலக்கி, தேர்ந்த பணிமனைக்குக் கொண்டுசெல்க. தேர்வுக் கட்டுரை எத்துணை அரியதாயினும், அறையில் உறங்குவோரின் உயிர் அதனினும் அரிது.

நினைவகமும் மென்பொருளும்

வெப்பமும் மின்சாரமும் செவ்வனே இருந்தும் அணைவு தொடருமாயின், அடுத்து நோக்கத்தக்கவை இவை. 'தானே மறுதொடக்கம்' என்னும் அமைப்பை நீக்கிவிட்டால், பிழைத்திரை நின்று தன் செய்தியைக் காட்டும். 'மெம்டெஸ்ட்86' போன்ற சோதனையை ஓரிரவு ஓடவிட்டால் நினைவகத்தின் குறைகள் பெரும்பாலும் வெளிப்படும். வேகத்தைக் கூட்டவோ மின்னழுத்தத்தைக் குறைக்கவோ முன்னர்ச் செய்த மாற்றங்கள் யாவற்றையும் பழைய நிலைக்குக் கொணர்தல் வேண்டும். அடிப்படை நிரலாகிய பயாஸையும், வரைகலை இயக்கியையும், தயாரிப்போரின் தளத்தினின்றே புதுப்பித்தல் வேண்டும்.

புதுப்பித்தலை அற்பமென்று எண்ணற்க. இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சிலவற்றில் நிலையின்மை தோன்ற, செயலி மிகையான மின்னழுத்தத்தைக் கேட்டதே காரணங்களுள் ஒன்றென 2024ஆம் ஆண்டில் கண்டு, அந்நிறுவனம் நுண்நிரலைத் திருத்தி வெளியிட்டதோடு உத்தரவாதக் காலத்தையும் இரண்டாண்டு நீட்டித்தது. அஃது மடிக்கணினிகளைச் சார்ந்ததன்று எனினும், தூசியிலும் சார்ஜரிலும் காணவொண்ணாத காரணமும் உண்டு என்பதற்குத் தக்க சான்றாகும்.

ஆராயும் முறை

இனி, இவையனைத்தையும் ஒழுங்குபடுத்தும் விதி ஒன்றுளது. ஒரு வேளைக்கு ஒரு மாற்றமே செய்க. தூசியைத் துடைத்து, சார்ஜரை மாற்றி, இயக்கியையும் ஒரே நாளில் புதுப்பித்தவர்க்கு அணைவு நின்றாலும், எதனால் நின்றது என்பது விளங்காது. மீண்டும் தோன்றினால் முதலினின்றே தொடங்க நேரிடும். வேதியியல் கூடத்தில் ஒரு கூறினை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலையாக வைக்கும் பயிற்சியைப் பெற்ற மாணவர், தம் அறைக்கு வந்தவுடன் அதனைக் கைவிடுவதேன்?

ஆராய்ச்சிக்கு முன்னரே கோப்புகள் அனைத்தையும் வேறிடத்திற் படியெடுத்துக்கொள்க. பின்னர் ஒரு தாளில் நாள், நேரம், செய்த வேலை, சார்ஜர் இணைப்பு, வெப்பநிலை, அணைந்த வகை ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் எழுதுக. விளையாட்டின் காட்சி வேகத்தை நொடிக்கு 60 படங்களாகக் கட்டுப்படுத்திப் பார்க்க. அதனால் அணைவு நிற்குமாயின், சுமையே காரணம், அதாவது வெப்பமோ மின்சாரமோ என்பது பெரும்பாலும் தேறும். சுமையில்லாத வேளையிலும் அணையுமாயின், தளர்ந்த பேட்டரி இணைப்பு, நினைவகம், இயக்கி, மதர்போர்டு ஆகியவற்றுள் ஒன்றனை ஐயுறலாம்.

உத்தரவாதக் காலம் முடியாத பொறியைத் தாமே திறக்குமுன் அதன் நிபந்தனைகளைப் படித்தறிக. பணிமனைக்குச் செல்லும்போது மேற்கூறிய தாளையும் உடன் கொண்டுசெல்க. 'அடிக்கடி அணைகின்றது' என்பவரிடம் எந்த உறுப்பையும் மாற்றச் சொல்லலாம். 'வெப்பம் 70 பாகையில் இருக்கையில், சார்ஜரோடு இணைத்த நிலையில், சுமை ஏறிய நொடியில் ஆறு முறை அணைந்தது. சார்ஜரை மாற்றியும் நிற்கவில்லை. பேட்டரியின் கொள்ளளவு பாதியாகிவிட்டது' என்று எழுதிக் காட்டுபவரிடம், மதர்போர்டு மாற்றுக என்று சொல்வது எளிதன்று. பேட்டரி ஒன்றினால் தீர்வதற்கு மதர்போர்டின் விலையைக் கொடுக்கும் நிலையினின்று அத்தாள் அவரைக் காக்கும்.

பொறி அணைவது பெரும்பாலும் தன்னைக் காத்துக்கொள்வதற்கே. அதன்மேற் சினங்கொண்டு பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவோர், அக்காவலனையே பகைக்கின்றனர். பொறுமையுடன் கண்டு, எழுதி, ஒவ்வொன்றாக விலக்குவோர்க்கு, இறுதியில் எஞ்சி நிற்பதே காரணம் எனத் தெளிவாகும். நம் மாணவர்கள் இம்முறையைக் கைக்கொண்டு, தம் பொருளையும் காலத்தையும் காத்துக்கொள்வார்களாக.