பெட்டிக்குப் பின்னால் இரண்டு சிவப்பு விளக்கு



2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி மீரியபெத்தவில் மண் சரிந்தது. 2025 நவம்பரில் பதுளை மாவட்டத்தின் பல இடங்களில் மீண்டும் சரிந்தது. இடம்பெயர்ந்த பலருக்கு இப்போது வீடு ஓரிடம், காணி வேறிடம். மரக்கறி மூட்டைகளை லேண்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு இருட்டிய பிறகே வீடு திரும்புகிறார்கள். நமுனுகுல மலைப்பாதையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால், வளைவில் வருகின்ற பஸ் சாரதிக்கு முன்னால் போகும் பெட்டி கண்ணுக்கே தெரியாது. ஊர்ப் பட்டறையில் ஒட்டிய பெட்டிகள் பலவற்றில் பின்விளக்கு இல்லை. அதை நாமே பொருத்தலாம்.

கையால் சுழற்றி ஸ்டார்ட் பண்ணும் லேண்ட்மாஸ்டர்களில் பெரும்பாலும் பெட்டறி இராது. முன்விளக்கு டைனமோவில் எரிகிறது. எஞ்சின் நின்றால் அதுவும் அணைந்துவிடும். ஆகவே பின்விளக்குக்குத் தனியாக 12 வோல்ட் பெட்டறி ஒன்று தேவை. 5 வாட் பல்ப் இரண்டு எரிந்தால் ஓர் அம்பியருக்குச் சற்றுக் குறைவாகவே மின்சாரம் செல்லும். 7 அம்பியர்-மணிப் பெட்டறி ஒரு மாலைப் பயணத்துக்குத் தாராளமாகப் போதும். எல்ஈடி விளக்கென்றால் இன்னும் நீடிக்கும். டைனமோவிலிருந்து நேரடியாகப் பெட்டறிக்கு வயர் இழுக்க வேண்டாம். டைனமோ தருவது மாறுமின்சாரம், பெட்டறி பழுதாகிவிடும். வீட்டில் சார்ஜ் செய்துகொள்வதே நல்லது.

பெட்டறியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே பியூஸ் போட வேண்டும். அங்கிருந்து ஒரு வயர் சுவிட்ச் வழியாகச் சிறு விளக்குகளுக்குப் போகும். இன்னொன்று பிரேக் மிதியில் மாட்டிய இழுவைச் சுவிட்ச் வழியாக 21 வாட் விளக்குகளுக்குப் போகும். ஒரே பல்பில் இரண்டு இழையும் உள்ள 21/5 பல்ப் கடையில் கிடைக்கும். அதன் இரு ஊசிகளும் ஒரே மட்டத்தில் இரா. தலைகீழாகச் செருகாமல் இருப்பதற்கே அப்படிச் செய்திருக்கிறார்கள். பலவந்தம் பண்ணாதீர்கள்.

இனி முக்கியமான விடயம், எர்த். "பெட்டிதான் இரும்பாச்சே, அதிலேயே முடுக்கிவிடலாம், ஃபாதர்" என்று ஒருவர் சொன்னார். நானும் நம்பினேன். ஒரு மழைக்காலம் தாண்டவில்லை, துருப் பிடித்து விளக்கு மங்கிவிட்டது. பல்பை இரண்டு முறை மாற்றிய பின்புதான் காரணம் புரிந்தது. பெயின்றும் துருவும் மின்சாரத்தைத் தடுக்கும். ஆகையால் ஒவ்வொரு விளக்கிலிருந்தும் பெட்டறியின் மைனஸ் முனை வரைக்கும் தனி வயர் இழுங்கள். அது மற்ற வயர்களைவிடச் சற்றுத் தடிப்பாக இருக்கட்டும்.

எர்த் கெட்டதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சிறு விளக்கை அணைத்துவிட்டுப் பிரேக்கை மிதியுங்கள். ஒரு பக்கத்துப் பிரேக் விளக்கு மங்கி, மறுபக்கத்துச் சிறு விளக்கு லேசாக எரிந்தால், மங்கிய பக்கத்து எர்த்தில்தான் பிழை. மின்சாரம் வீடு திரும்ப வழியில்லாமல் சுற்றுவழியில் போகிறது. மைனஸ் முனையிலிருந்து ஒரு துண்டு வயரை அந்த விளக்கின் கூட்டில் தொட்டுப் பாருங்கள், பளிச்சென்று எரியும்.

தகட்டில் வயர் நுழையும் துளைக்கு ரப்பர் வளையம் போடுங்கள். சைலன்ஸருக்கும் சக்கரத்துக்கும் கிட்ட வயர் போகக் கூடாது. பெட்டியைக் கழற்றும் இடத்தில் பிளக் வையுங்கள். பெட்டி திரும்பும்போது இழுபடாதபடி அங்கே வயரைக் கொஞ்சம் தளர்த்தி விடுங்கள். புறப்படுமுன் பிள்ளை ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லி, பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பாருங்கள். விளக்கின் மேலுள்ள சேற்றையும் துடைத்துவிடச் சொல்லுங்கள்.