குட்டைக் காஸ்மோஸுக்கு உர மூட்டை எதற்கு?

மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட காஸ்மோஸ், வளம் குறைந்த மண்ணிலும் முழு வெயிலில் செழிக்கும் செடி. எனவே விதையிலிருந்து வளர்ப்பவர்கள் முதலில் உர மூட்டையை ஒதுக்கிவைக்க வேண்டும். தழைச்சத்து மிகுந்தால் இலை அடரும், தண்டு சாயும், பூப்பது தள்ளிப்போகும். 'சொனாட்டா' போன்ற ரகங்கள் சுமார் இரண்டடியோடு நின்றுவிடுமே, உரமிட்டால் என்ன என்று கேட்கலாம். உயரம் கட்டுப்படும்தான், ஆனால் பூவை முந்திக்கொண்டு இலை பெருகும் இயல்பு மாறுவதில்லை. தொட்டிமண்ணில் சத்து தீர்ந்துவிடும் என்ற கவலை நியாயமானது. ஆனாலும் நடும்போதே கலக்கும் கொஞ்சம் மட்கிய எரு, ஒரே பருவத்தில் வாழ்வு முடியும் இச்செடிக்குப் பெரும்பாலும் போதும். விதையைக் கால் அங்குல ஆழத்தில் ஊன்றி ஈரம் காத்தால் ஓரிரு வாரத்தில் முளைக்கும். பகல் குறுகும்போது விரைந்து மொட்டுவிடும். வாடிய பூக்களைக் கிள்ளிவிட்டால், விதை கட்டச் செலவாகும் ஆற்றல் அடுத்த மொட்டுகளுக்குப் போகும்.